குடும்பக் காருக்கும் குணம் உண்டு: வாங்கும் முன் அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

மைலேஜ் எவ்வளவு, டிக்கி எவ்வளவு பெரியது, சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும். கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இந்த மூன்றைத்தான். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் எட்டுப் பத்து வருடம் ஒரு வண்டியோடு குடும்பம் நடத்தப் போகிறவர் நான்காவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: இந்த வண்டிக்கு என்ன குணம்? இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். குணமெல்லாம் ஜீப்புக்கும் புல்லட்டுக்கும்தான், குடும்பக் கார் என்றால் ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிறார்கள். நான் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

என் அப்பாவிடம் இருந்தது வெள்ளை மாருதி ஓம்னி வேன். வார நாளில் கடைக்குச் சரக்கு ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏழு பேரைக் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோகும். பக்கவாட்டுக் கதவை இழுத்துச் சாத்தும் அந்த 'சர்ர்... டப்' சத்தம் தெருமுனையில் கேட்டாலே பாட்டி அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிடுவாள். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் என்ஜின், எதிரே மூக்கு என்று ஒன்றே கிடையாது. காகிதத்தில் பார்த்தால் சக்கரம் வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனால் 1984-இல் வந்து 2019 வரை அந்தப் பெட்டி பள்ளிக்கூட வேனாக, ஆம்புலன்ஸாக, பூக்கடையாக, கல்யாண வண்டியாக ஓடியது. அத்தனைக்கும் இடம் கொடுக்கும் தாராளம்தான் அதன் குணம். அதற்கு அது கொடுத்த விலையும் தெரிந்ததுதான், மோதினால் உங்கள் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவில் ஒரு தகடு மட்டுமே இருக்கும்.

குணம் என்று நான் சொல்வது இதைத்தான். யாரோ ஒருவர் வண்டியை வடிவமைக்கும்போது ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார், அந்த முடிவு ஓட்டும்போதும் உட்காரும்போதும் கைக்கும் முதுகுக்கும் தெரிகிறது. வேகன்ஆர் ஏன் நட்டுவைத்த தீப்பெட்டி மாதிரி இருக்கிறது? ஜப்பானில் 'கே' என்ற சிறுகார் வகைக்கு வரிச்சலுகை உண்டு, ஆனால் இன்றைய விதிப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை அனுமதி. பக்கத்தில் இடமில்லை என்றால் மேலேதானே போக வேண்டும்? 1993-இல் சுசுகி அப்படித்தான் போனது. நம்மூரில் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தபோது அதன் உயரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகு அதே உயரத்துக்காகவே வாங்கினார்கள். அழகில்லை என்று சொல்லப்பட்ட இடமே குணமாக ஆனது.

முதல் வேலை வீட்டிலேயே

ஷோரூமுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளை எடுத்து அந்த வாரம் முழுக்க நடப்பதை எழுதுங்கள். யார் யார் எங்கே போனார்கள், என்ன தூக்கிக்கொண்டு போனார்கள், எங்கே நிறுத்தினார்கள். வருடத்துக்கு ஒரு முறை போகும் கோவா பயணத்தை எழுத வேண்டாம், அதற்கு வாடகை வண்டி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். நான் எழுதியபோது தெரிந்தது இது: அம்மாவை மூட்டு வைத்தியத்துக்கு அழைத்துப்போவது வாரத்தில் இரண்டு தடவை, 25 கிலோ அரிசி மூட்டை மாதத்துக்கு ஒன்று, பையனின் கிரிக்கெட் பை தினமும், நெடுஞ்சாலை மாதத்துக்கு ஒரே ஒரு நாள். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் நெடுஞ்சாலையில் நன்றாகப் போகும் செடான்கள்.

அப்புறம் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்கள் எந்த நாற்காலியில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சில வீடுகளில் அது பிளாஸ்டிக் நாற்காலி, சில வீடுகளில் கட்டில் விளிம்பு. தரையிலிருந்து உட்காரும் இடம் வரை எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காரைப் பார்க்கும்போது ரோட்டிலிருந்து சீட்டின் வெளி விளிம்பு வரை அதே டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அம்மா அந்தக் காருக்குள் 'இறங்க'வும் வேண்டாம், 'ஏற'வும் வேண்டாம், சும்மா திரும்பி உட்கார்ந்தால் போதும். தாழ்ந்த செடானில் உட்காருவது எளிது, எழுந்திருப்பதுதான் பாடு. உயரமான எஸ்யூவியில் நேர் எதிர், புடவையோடு காலைத் தூக்கி வைப்பதற்குள் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் உயரம் வேகன்ஆர், பழைய சான்ட்ரோ, எர்டிகா மாதிரியான வண்டிகளில் கிடைக்கிறது. கதவின் கீழே உள்ள படியின் அகலத்தையும் பார்த்துவிடுங்கள், அது அகலமாக இருந்தால் காலை வெளியே வைப்பதற்கு நீட்ட வேண்டியிருக்கும். இந்தச் சின்ன விஷயத்தை எந்த விற்பனையாளரும் உங்களிடம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டிக்கியை லிட்டர் கணக்கில் நம்பாதீர்கள். 341 லிட்டர் என்று போட்டிருக்கும், ஆனால் உங்கள் சூட்கேஸ் படுக்கையாக நுழையுமா, மூட்டையைத் தூக்கி வைக்க வேண்டிய விளிம்பு இடுப்புக்கு மேலே இருக்கிறதா என்பதை லிட்டர் சொல்லாது. வீட்டிலிருக்கும் மிகப் பெரிய பொருளை, கிரைண்டரோ குழந்தையின் தள்ளுவண்டியோ, கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த விஷயத்தில் என் மனதுக்கு மிகப் பிடித்தது ஹோண்டா ஜாஸ். பெட்ரோல் டேங்கை முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டதால் பின் சீட்டின் உட்காரும் பகுதியைச் சினிமா தியேட்டர் நாற்காலி போல மேலே மடக்கலாம், ஒரு தென்னங்கன்றை நட்டமாகவே நிறுத்திக் கொண்டுவரலாம். உயர் வேரியன்ட்களில்தான் அந்த வசதி, 2023-இல் இந்தியாவில் விற்பனையும் நின்றுவிட்டது. ஆனால் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பின் சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். ஒரகடத்தில் செய்யப்படும் ரெனோ டிரைபரிலும் அதே மாதிரி ஒரு பிடிவாதம் தெரியும். 3,990 மில்லிமீட்டருக்குள் ஏழு பேர், ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கி வெறும் 84 லிட்டர், மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். ஏழு பேருக்கும் ஏழு பெட்டிக்கும் ஒரே நேரத்தில் இடம் வேண்டும் என்பவர்களுக்கு அது ஆகாது. பாட்டி வந்தால் சீட்டை மாட்டு, போனால் கழற்று என்று வாழும் வீட்டுக்கு அது கைக்கு அடக்கமான வண்டி.

சிஎன்ஜி வேண்டும் என்றால் சிலிண்டர் டிக்கியில் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று நேரில் திறந்து பாருங்கள். டாடா 2023-இல் ஆல்ட்ராஸில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் படுக்கவைத்து இடத்தைக் காப்பாற்றியது. நல்ல யோசனை.

என்ஜின் எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்

ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் என்ஜினை நம்மூர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அது ஸ்விஃப்டில் இருந்தது, ரிட்ஸில் இருந்தது, டாடா விஸ்டாவில் இருந்தது, ஃபியட்டின் சொந்த புன்ட்டோவிலும் இருந்தது. இந்த நான்கிலும் சுமார் 75 குதிரைத்திறன்தான். காகிதத்தை மட்டும் படித்தால் நான்கும் சகோதரர்கள். ஓட்டினால் நான்கும் நான்கு வீட்டுப் பிள்ளைகள். ஸ்விஃப்ட் சுறுசுறுப்பு, கையசைத்தால் திரும்பும், ஆனால் பின்னால் உட்கார்ந்தவருக்கு ஜன்னல் சின்னது, வெளிச்சம் குறைவு. ரிட்ஸ் அதே அடித்தளத்தில் உயரமாக நின்றது, வெளிச்சமும் காற்றோட்டமும் தாராளம். பின்பக்கம் பார்த்து முகம் திருப்பியவர்கள் உண்டு, பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. விஸ்டா சோபா மாதிரி, ஐந்து பேர் கை கால் நீட்டிக்கொள்ளலாம். புன்ட்டோ எடை கூடியது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங், நகரத்தில் கை வலிக்கும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டில் உட்கார்ந்து போகும். குணம் என்ஜினில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எடையை எங்கே வைத்தார்கள், ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினார்கள், ஸ்டியரிங்கில் எவ்வளவு உணர்வை மிச்சம் வைத்தார்கள், ஜன்னலின் கீழ்விளிம்பை எந்த உயரத்தில் நிறுத்தினார்கள், இதெல்லாம் சேர்ந்துதான் வண்டி.

உங்களுக்கே சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் 2019-இல் வந்த வேகன்ஆரின் இரண்டு என்ஜின்களையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர். உடம்பு ஒன்றே, ஆனால் ஒன்று மெல்லிய அதிர்வோடு முணுமுணுத்துக்கொண்டு நகரத்துக்குள் சளைக்காமல் ஓடும், இன்னொன்று மூச்சை இழுத்துப் பிடித்து லாரியைத் தாண்டும். நகரத்தை விட்டு வெளியே போகாதவர் 1.2-க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பது அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு பாடம் இன்னோவா. 2005-இல் வந்ததிலிருந்து கிரிஸ்டா வரை லாரி போல அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேஸிஸ்), பின்சக்கரத்துக்கு இழுவை. ஏழு பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றினால்தான் அது சாந்தமாகும், காலியாகப் போனால் பின்பக்கம் கொஞ்சம் குதிக்கும். இன்னோவா ஹைகிராஸ் வந்தபோது அந்தச் சட்டகம் போனது, டீசல் போனது, இழுவை முன்சக்கரத்துக்கு வந்தது. அது அமைதியான, சுகமான வண்டி. ஆனால் இன்னோவா என்ற பேரைக் கேட்டதும் மனதில் வரும் அந்த உழைப்பாளி அது இல்லை. எது நல்லது என்பது உங்கள் தாளில் எழுதியதைப் பொறுத்தது. பேரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

டெஸ்ட் டிரைவை உங்கள் தெருவுக்கு இழுத்து வாருங்கள்

ஷோரூம்காரர்கள் காட்டும் ரூட் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர், நல்ல ரோடு, இடதுபக்கத் திருப்பம் மட்டும். அதில் எந்த வண்டியும் நல்ல பிள்ளைதான். வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பல இடங்களில் கேட்டால் செய்கிறார்கள். முதலில் நீங்கள் தனியாக, பாட்டை நிறுத்திவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு. பிறகு குடும்பம் முழுக்க ஏறி. இரண்டு ஓட்டமும் அவசியம், ஏனென்றால் ஒரே ஆள் உட்கார்ந்த வண்டியும் ஐந்து பேர் ஏறிய வண்டியும் வேறு வேறு.

உங்கள் தெருவிலுள்ள மோசமான ஸ்பீட் பிரேக்கரை, முன் அறிவிப்பில்லாமல் யாரோ போட்டுவைத்த அந்த முதுகெலும்பை, இரண்டாவது கியரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுங்கள். ஏறும்போது கவனிக்க வேண்டாம், இறங்கின பிறகு கவனியுங்கள். ஒரே தடவை அமுங்கி எழுந்து அடங்கிவிட்டால் அது பக்குவமான சஸ்பென்ஷன். இரண்டு மூன்று தடவை தொட்டில் போல ஆடினால் நெடுஞ்சாலையில் பின் சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வரும். 'டங்' என்று முதுகில் அடித்தால் ஓட்டுபவருக்குப் பிடிக்கலாம், பாட்டிக்குப் பிடிக்காது. அடுத்து வரிசையாகச் சின்னப் பள்ளங்கள் இருக்கும் ரோடு, கேபிள் தோண்டி மூடின தெரு மாதிரி. பெரிய மேட்டை நன்றாகச் சமாளிக்கும் சில வண்டிகள் இந்தச் சின்ன நறநறப்பில் டேஷ்போர்டு முழுக்கச் சலசலக்கும். திருவள்ளூர் ஆலையிலிருந்து வரும் சித்ரோன் சி3-ஐ இந்த மாதிரி ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். உள்ளே வசதிகளில் சிக்கனம் தெரியும், ஆனால் பள்ளத்தை விழுங்கும் பக்குவத்தில் யாரோ மனதைச் செலுத்தியிருக்கிறார்கள்.

தெருவில் யூ-டர்ன் அடியுங்கள். இதைச் சொன்னால் சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் பத்து வருடத்தில் ஆயிரக்கணக்கில் செய்யப்போவது இதைத்தான். வேகன்ஆரின் திருப்ப ஆரம் 4.7 மீட்டர், இன்னோவா கிரிஸ்டாவுக்கு 5.4. எழுபது சென்டிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை, சந்துக்குள் அதுதான் ஒரே வீச்சில் திரும்புவதற்கும் மூன்று தடவை முன்னும் பின்னும் போவதற்கும் உள்ள வித்தியாசம். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் நம் வண்டலூர் பக்கத்திலேயே செய்யப்பட்ட குடும்பக் கார் அது. சுமார் 25 அடி வட்டத்துக்குள், கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே சுற்றும். பானட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து மெக்கானிக் வேலை பார்ப்பார். இரண்டு கதவோடு வந்ததை, குடும்பம் ஏறி இறங்க வேண்டும் என்று பிறகு நம் ஊரிலேயே நான்கு கதவாக்கினார்கள். குடும்பக் காருக்குக் குணம் வராது என்பவர்களை அதன் படத்தையாவது பார்க்கச் சொல்லுவேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையைக் கொஞ்சம் தளர்த்தி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய வளைவில் போய்ப் பாருங்கள். ரோட்டின் சொரசொரப்பு உள்ளங்கைக்குக் கொஞ்சமாவது வருகிறதா, அல்லது வீடியோ கேம் மாதிரி ஒன்றுமே தெரியவில்லையா? மோட்டார் உதவியோடு திரும்பும் இன்றைய எலக்ட்ரிக் ஸ்டியரிங்குகள் பலவற்றில் அது குறைவு. 2010-இல் மறைமலைநகரிலிருந்து வந்த முதல் ஃபோர்டு ஃபிகோவில் ஹைட்ராலிக் ஸ்டியரிங். விலை குறைந்த குடும்ப ஹேட்ச்பேக்தான், ஆனால் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கை சொல்லிக்கொண்டே இருக்கும். ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்த பிறகும் அந்த வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை ஓட்டினால் புரியும்.

பிறகு ஒரு மேம்பாலம். ஐந்து பேரும் ஏசியும் இருக்க, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹாஃப் கிளட்சில் எடுங்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று இரண்டு தடவைக்குள் காலுக்குப் பிடிபட்டால் அது உங்களுக்கான வண்டி. மலை ஊர்க்காரர்கள், அல்லது வருடத்துக்கு நான்கு தடவையாவது மலை ஏறுகிறவர்கள், டர்போ டீசலையோ சின்ன டர்போ பெட்ரோலையோ பார்க்கிறீர்கள் என்றால் இதை மறக்காதீர்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, என்ஜின் சுழற்சி விழுந்து, என்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் டர்போ தூங்கிவிடும். அந்த 1.3 மல்டிஜெட் 2,000 சுழற்சிக்குக் கீழே சோம்பலாகவும் அதற்கு மேலே திடீரென்று உதைத்தும் போகும் என்பது பிரசித்தம். எழுபது தடவையும் ஒன்றாவது கியருக்கு இறங்க மனமில்லாதவர் அதை வாங்கக் கூடாது. அந்த உதையை ரசிப்பவர் அதற்காகவே வாங்குவார். டர்போ இல்லாத 1.2 பெட்ரோலில் இந்த நாடகம் இல்லை, ஆனால் ஐந்து பேரோடு ஏறும்போது என்ஜின் கத்தும், கத்தவிடத் தயங்கக் கூடாது.

பாதி வழியில் சாவியை மனைவியிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்காருங்கள். வாங்குகிறவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதே கிடையாது, ஆனால் அந்த வண்டியில் அதிக நேரம் வாழப்போகிறவர்கள் பின்னால் இருப்பவர்கள்தான். ஜன்னலின் கீழ்விளிம்பு உங்கள் தோளுக்கு மேலே இருந்தால் எட்டு வயதுப் பெண்ணுக்கு வானம் மட்டும்தான் தெரியும். இப்போது வரும் எஸ்யூவிகளில் இது பெரிய குறை. வெளியே முரட்டு அழகு வேண்டும் என்று பின் ஜன்னலைக் கீறல் போலச் செய்துவிடுகிறார்கள். தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா, நடுவில் உட்கார்பவருக்குத் தரையில் மேடு இடிக்கிறதா, பின்னால் ஏசி காற்று வருகிறதா. வயதானவர் மேலே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? சில மலிவு வேரியன்ட்களில் அந்தக் கைப்பிடியைக்கூட எடுத்துவிடுகிறார்கள்.

கிளட்ச் மிதி இல்லாமல் கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி எடுப்பவர்கள் 2014-இல் செலேரியோவோடு இங்கே வந்த அந்த முறையின் தலையாட்டலை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று போக்குவரத்து நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கியர் மாறும் கணத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தப் பழகினால் பாதி சரியாகிவிடும்.

குணமா, கோளாறா?

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு இது மிக முக்கியம். சில வருடம் முன்பு நான் ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினேன், எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கும். "மூன்று சிலிண்டர் அப்படித்தான் சார், அது அதோட குணம்" என்றார் விற்றவர். நானும் நம்பி ஏழு மாதம் ஓட்டினேன். பிறகு நண்பர் ஒருவரின் அதே மாடலில் ஏறினால் தண்ணீர் மாதிரி நிற்கிறது. என் வண்டியில் என்ஜின் மவுண்ட் ரப்பர் இரண்டு போயிருந்தது. மாற்றினதும் நடுக்கம் போய்விட்டது, அந்த ஏழு மாதத்தில் அம்மா "இந்த வண்டியில் ஏறினால் தலைவலிக்கிறது" என்று சொன்னதை நான் காதில் வாங்காமல் இருந்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஒரே மாடலில் குறைந்தது இரண்டு வண்டியை ஓட்டாமல் எதையும் வாங்காதீர்கள். இரண்டிலும் இருந்தால் அது குணம், ஒன்றில் மட்டும் இருந்தால் கோளாறு. கிளட்ச் இரண்டிலும் கனமா? அது பிறவி. ஒன்றில் மட்டும் கனமா? தட்டு தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் 'கட கட' என்றால் சஸ்பென்ஷனின் லிங்க் ராடோ ரப்பர் புஷ்ஷோ போயிருக்கலாம். நேர் ரோட்டில் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றழுத்தம், அப்புறம் அலைன்மென்ட், அதற்கும் சரியாகாவிட்டால் அடிபட்ட வண்டியா என்று மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழைய வண்டியின் குணம் பெரும்பாலும் சாகவில்லை, தூங்குகிறது. எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், என்ஜின் மவுண்ட், நல்ல டயர் நான்கு, இவற்றைப் போட்டால் அதன் பழைய துள்ளல் திரும்ப வரும். புது சீட் கவருக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் கொடுக்கும் பணத்தை முதலில் இங்கே கொடுங்கள். டயரை அகலமாக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், பள்ளத்தில் அடிவாங்கும். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல டயர் போடுவதுதான் என் வழக்கம்.

வேகன்ஆரை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-இல் மோதிப் பார்த்தபோது அதற்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் ஒன்றும் இல்லை. வேகன்ஆரைச் செய்யும் அதே மாருதியின் புது டிசையர் 2024-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் டாடா நெக்ஸான், 2018-இல். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே வந்துவிட்டது. ஆகவே குணம் பார்க்கும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்பே, நீங்கள் வாங்கும் மாதத்தில் அந்த மாடலுக்கு என்ன மதிப்பெண், எத்தனை ஏர்பேக், பின் சீட்டில் மூன்று பேருக்கும் தோள் பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய வண்டியென்றால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் இருக்கும் வேரியன்ட்டைத் தேடிப் பிடியுங்கள், 2019-க்கு முந்தைய மலிவு வேரியன்ட்களில் பல சமயம் இருக்காது. சன்ரூஃபை விட்டுக்கொடுக்கலாம், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மின்சாரக் கார்களுக்குக் குணமே இல்லை என்பதும் அவசரத் தீர்ப்பு. கியரும் சத்தமும் இல்லாததால் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி எப்படி வேகத்தைக் குறைக்கிறது, அடியிலிருக்கும் பேட்டரியின் எடை வளைவில் எப்படித் தாழ்ந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மற்றபடி நாற்காலி அளவும் யூ-டர்னும் அதற்கும் பொருந்தும்.

கடைசியாக, டெலிவரி எடுக்கும் நாள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து எல்லாம் ஆன பிறகு முதல் வேலையாக ஏதாவது ஒரு பெட்ரோல் பங்கில் டயர் காற்றைப் பாருங்கள். யார்டில் நிற்பதற்காக அதிகமாக அடித்த காற்றை அப்படியே விட்டுக் கொடுத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது, அதனால் டெஸ்ட் டிரைவில் சுகமாக இருந்த அதே மாடல் வீட்டுக்கு வந்ததும் தூக்கித் தூக்கிப் போடும். ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆள் குறைவாகப் போனால் எவ்வளவு, முழு லோடில் எவ்வளவு என்று போட்டிருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, அந்த ஸ்பீட் பிரேக்கரில் இன்னொரு தடவை ஏறி இறங்குங்கள்.